ரெனுவாரின் கடைசிக்கால ஆலிவ் தோட்டம்: கை முடியாததால் அப்படி வரைந்தாரா, வேண்டுமென்றே வரைந்தாரா?

சத்துவாச்சாரி_பிரஷ்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சில பேர் சேர்ந்து வெளியே போய்ப் படம் வரைவது வழக்கம். வேலூர்க் கோட்டை அகழி ஓரம், பாலாற்றங்கரை, சில சமயம் அமிர்தி பக்கம், வெயில் ஏறுவதற்குள் முடிந்த மட்டும். எல்லோரும் வேறு வேறு வேலையில் இருப்பவர்கள், யாரும் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இல்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு ஃபார்வர்டு போட்டார். ரெனுவார் என்கிற பிரெஞ்சு ஓவியருக்கு வயதான காலத்தில் விரல்கள் முடங்கிப் போய், பிரஷ்ஷை விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரைந்தாராம், ஆகையால் நமக்கெல்லாம் என்ன குறை என்று யோசியுங்கள் நண்பர்களே என்று முடிகிற வழக்கமான சமாச்சாரம்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் அந்தக் காலத்துப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் குழுவில் போட்டேன். தெற்கு பிரான்ஸில் கான்ய் என்ற ஊரில் அவர் வாங்கிய லே கொலெத் என்னும் தோட்டத்துப் பண்ணை வீடு, 1908க்கும் 1914க்கும் நடுவில் வரைந்தது, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. பெரிய படம்கூட இல்லை, சுமார் 55க்கு 65 சென்டிமீட்டர். தூரத்தில் வைத்துப் பார்த்தால் மரம், வீடு, புல், வெயில் எல்லாம் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை! இலை என்று நினைத்த இடத்தில் இலை இல்லை, எல்லாம் ஒன்றோடு ஒன்று கரைந்து ஓடுகிறது, அதோடு எங்கு பார்த்தாலும் ஒரு சிவப்புச் சூடு.

எங்கள் குழுவில் பென்சிலில் போட்டோ மாதிரி முகம் வரைகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: “கை நல்லா இருந்திருந்தா இலை இலையா வரைஞ்சிருப்பாரு, முடியாததை ஸ்டைலுன்னு சொல்லி விக்கிறாங்க.” எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை.

கட்டிக்கொண்டு வரைந்தது உண்மையா என்று முதலில் தெரிய வேண்டும். அப்புறம், அந்தக் கரைசல் நோயால் வந்ததா அவரே விரும்பிச் செய்ததா.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என் சொந்தப் பிரச்சினை. நான் சாலையோரப் புளியமரங்களை வரைய முயன்றுகொண்டே இருக்கிறேன். மரமில்லாத மலை என்று நம் ஊரை எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அந்த மொட்டைப் பாறை மலைக்கு முன்னால் ஒரு புளியமரம் நின்றால் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது வரைய உட்கார்ந்தால்தான் தெரிகிறது. ஆனால் பொடி இலை. இலையாக வரைந்தால் பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பர் மாதிரி வருகிறது, மொத்தமாகத் தீட்டினால் பச்சைக் களிமண் உருண்டையாக வருகிறது. ஆலிவும் பொடி இலைதானே, அந்த மனுஷன் என்ன செய்தார் என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

ஓய்வுபெற்ற_தெரபிஸ்ட்

தம்பி, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கை, விரல் கேஸ்கள்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓவியம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. கையைப் பற்றிச் சொல்கிறேன்.

கட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கதை எங்கே ஆரம்பித்திருக்கும் என்று சுலபமாக ஊகிக்கலாம். அவருடைய பழைய புகைப்படங்களில் கையில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும், பார்த்தவர்கள் பிரஷ்ஷைக் கட்டத்தான் துணி என்று நினைத்துவிட்டார்கள். அவருடைய மகன் ழான், பின்னாளில் பெரிய திரைப்பட இயக்குநர், கல்கத்தா பக்கம் வந்துகூட ஒரு படம் எடுத்தாரே அவர்தான், அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கைத்தோல் அவ்வளவு மெலிந்து போயிருந்தது, பிரஷ்ஷின் மரக்காம்பு பட்டாலே புண்ணாகும், அதற்காக உள்ளங்கையில் ஒரு மெல்லிய துணி. பிரஷ்ஷை எடுத்து விரலிடுக்கில் வைக்க ஆள் வேண்டியிருந்தது, வைத்த பிறகு பிடித்தது அவர் விரல்தான். 1915ல் சாஷா கீத்ரி என்ற பிரெஞ்சு நாடகக்காரர் எடுத்த சிறிய அசையும் படமும் இருக்கிறது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் வரைவதை அதில் பார்க்கலாம். நான் அதை வேலை பார்த்த கண்ணோடுதான் பார்த்தேன். விரல்கள் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன, ஆனால் பிரஷ் கான்வாஸுக்குப் போவதும் வருவதும் சுறுசுறுவென்று இருக்கிறது, தடுமாற்றமே இல்லை.

அவருக்கு வந்தது முடக்குவாதம். கிட்டத்தட்ட 50 வயதில், 1890களின் தொடக்கத்தில் ஆரம்பித்திருக்கிறது, 1900க்குப் பிறகு வேகமெடுத்து, 1912 வாக்கில் நடையே நின்றுவிட்டது. 1919 டிசம்பரில், 78 வயதில் இறந்தார், அதுவரை வரைந்துகொண்டுதான் இருந்தார். இப்போது நாம் ஆரம்பத்திலேயே கொடுக்கும் மருந்து எதுவும் அன்று கிடையாது.

முடக்குவாதக் கையில் நடப்பது இதுதான். விரல்கள் அடிக்கணுவில் நழுவிச் சுண்டுவிரல் பக்கமாகச் சாயும், மணிக்கட்டு இறுகும், தோள்வரை போகலாம். விரல் நுனியால் செய்கிற சின்ன அசைவுகள் போய்விடும். ஆனால் பார்க்கின்சன் நோய் மாதிரி நடுக்கம் இருக்காது, தொழுநோய் மாதிரி உணர்ச்சியும் போகாது. நம் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1940களின் கடைசியில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பால் பிராண்டு என்கிற டாக்டர் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கி வைத்தார், பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் அந்த வேலை தொடர்ந்தது. அங்கே பிரச்சினை வலி தெரியாதது, சூடான டம்ளரைப் பிடித்துக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ரெனுவாருக்கு நேர் எதிர், எல்லாமே வலித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி மடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் நண்பர் சொல்வதில் பாதிக்கு நான் ஆமாம் போடுவேன். விரல் நுனி வேலை அவருக்குக் கஷ்டம். தோளையும் முழங்கையையும் வைத்துத்தான் கோடு இழுத்திருப்பார். கை எட்டாத இடத்துக்குக் கான்வாஸைக் கொண்டுவர, அதை உருளையில் சுற்றி மேலே கீழே நகர்த்தும்படி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு, எங்கள் துறையில் இதைத்தான் முதலில் யோசிப்போம். நோய் வந்த புதிதில் தினமும் காலையில் மூன்று தோல் பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விரலைப் பழக்கினாராம், அது முடியாமல் போனதும் ஒரு சின்ன மரக்கட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாராம்.

ஒரு டாக்டர் வந்து சில வாரம் பயிற்சி கொடுத்து அவரை எழுந்து நடக்க வைத்திருக்கிறார். கான்வாஸை நிறுத்தி வைக்கும் ஈசலைச் சுற்றி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், நடப்பதற்கே என் பலமெல்லாம் போகிறது, வரைய மிச்சமில்லை, நடையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னதாக மகன் எழுதியிருக்கிறார். தெரபிஸ்டாக எனக்கு அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. நோயாளி அப்படிச் சொன்னால் நாங்கள் விடுவோமா?

---

ஆம்பூர்_அலசல்

மேடம் சொன்னது எல்லாம் சரி. நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அண்ணே, உங்கள் போனில் கண்ணுக்கு இதமான வெளிச்சம் என்று ஒரு வசதி ராத்திரியில் தானாக வந்துவிடும், அதை அணைத்துவிட்டு அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கள். பாதிச் சிவப்பு அங்கேயே குறையும்.

மீதிச் சிவப்பு அவருடையதுதான். கடைசிக்கால ரெனுவாரை எனக்குப் பிடிக்காது. நான் மட்டும் இல்லை, அவர் காலத்துச் சக ஓவியர் மேரி கஸாட்டே 1913ல் ஒரு கடிதத்தில், பூதாகரமான சிவப்புப் பெண்களுக்குச் சின்னஞ்சிறு தலை வைத்து வரைகிறார் என்று எழுதிவிட்டார். 2015ல் பாஸ்டன் மியூசியம் வாசலில் ஒரு கூட்டம் அட்டை பிடித்துக்கொண்டு, ரெனுவார் படங்களைச் சுவரிலிருந்து இறக்கு என்று கோஷம் போட்டது. விளையாட்டுக்குத்தான், ஆனாலும் அதே காலத்து ஓவியர் மோனேவுக்கு அப்படி யாராவது செய்வார்களா?

இன்னொரு விஷயம், சந்தையில் சுற்றுகிற கடைசிக்கால ரெனுவார் எல்லாமே படம் இல்லை. ஒரே கான்வாஸில் இங்கே ஒரு ரோஜா, அங்கே ஒரு தலை, மூலையில் துளியூண்டு தோட்டம் என்று பழகிப் பார்த்தவை ஏராளம். பின்னால் அதையெல்லாம் கத்திரித்துத் தனித்தனிப் படமாக விற்றிருக்கிறார்கள். அந்தத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு ஆஹா கரைந்து போகிறதே என்று வியந்தால் அது ரெனுவார் குற்றம் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் பார்ன்ஸ் என்ற பணக்காரர் சேர்த்த தொகுப்பில் மட்டும் 181 ரெனுவார் இருக்கிறது, பெரும்பாலும் பிற்காலத்தவை. அத்தனையும் எப்படி நன்றாக இருக்கும்?

நோயை வைத்து அவரை உயர்த்தவும் வேண்டாம், நோயை வைத்து மன்னிக்கவும் வேண்டாம் என்பது என் கட்சி. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அந்தப் பண்ணை வீட்டுப் படம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

---

குடியாத்தம்_டிராயிங்_மாஸ்டர்

ஆம்பூர் தம்பி கஸாட்டைக் கூப்பிட்டு வந்துவிட்டார், நான் வேறு வழியாக வருகிறேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்துத் தொண்டைத் தண்ணி வற்றியவன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நோயா விருப்பமா என்ற கேள்விக்குத் தேதியைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். 1870களில், 1874ல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் சேர்ந்து தங்கள் முதல் கண்காட்சியை நடத்திய காலத்தில், கை நன்றாக இருந்தபோது வரைந்த ரெனுவார் படங்களில் ஏற்கெனவே எல்லாம் கரைந்துதான் இருக்கிறது, மரத்தடி வெயில் பொட்டுப் பொட்டாகச் சட்டையில் விழுகிறது, விளிம்பு என்று ஒன்று கிடையாது. பிறகு 1880களின் நடுவில் அவருக்கே இதில் சலிப்பு வந்து, கறாராகக் கோடு போட்டு, வழவழவென்று, நம் சத்துவாச்சாரித் தம்பியின் பென்சில் நண்பர் பார்த்தால் கைதட்டுகிற மாதிரி சில வருஷம் வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரிக்கும் டப்ளினுக்கும் மாறி மாறிப் போகிற குடைகள் படத்தை எடுத்துப் பாருங்கள். 1881 வாக்கில் ஆரம்பித்து 1886 வாக்கில் முடித்த படம் அது. வலது பக்கம் இருக்கிற சிறுமிகள் பஞ்சு போல இருக்கிறார்கள், இடது பக்கம் கூடை வைத்திருக்கும் பெண் செதுக்கி வைத்தது போல இருக்கிறாள். ஒரே படத்தில் இரண்டு கை! அந்தக் கறார் வேலையும் அவருக்கு வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1890 வாக்கில் அதை விட்டுவிட்டுத் திரும்ப மென்மைக்கு வந்தார். வாதம் முற்றியது அதற்குப் பின்னால். தெரிந்துவைத்திருந்ததை வேண்டாம் என்று ஒதுக்கியவருக்குத்தான் விரல் மடங்கியது, மடங்கியதால் ஒதுக்கவில்லை.

நோய் மாற்றியது வேறு சிலவற்றை. அவர் எதை வரைவது என்பதை. இளமையில் சேன் நதிக்கரை, நார்மண்டி, அல்ஜீரியா, இத்தாலி என்று சுற்றியவர். கடைசியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே வைக்கிறார்களோ அங்கிருந்து தெரிவதுதான் நிலக்காட்சி. ஆலிவ் மரங்களுக்கு நடுவில் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்னக் கொட்டகை கட்டி, காற்றும் குளிரும் படாமல் வெளிச்சம் மட்டும் வருகிற மாதிரி செய்து கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்தை அவர் 1907ல் வாங்கியதே பழைய ஆலிவ் மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்துதான். மனைவிக்காக ஒரு புது வீடு கட்டி 1908ல் குடிபோனார்கள், ஆனால் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது மரங்களுக்குப் பின்னால் இருந்த பழைய பண்ணை வீட்டை. (நம் பக்கம் நால்வழிச் சாலை வந்தபோது எத்தனை புளியமரம் போயிற்று என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரியும், அது வேறு கதை.)

இனி புளியமரத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

1918ல் ரெனே கிம்பெல் என்ற ஓவிய வியாபாரி அவரைப் பார்க்கப் போய், அவர் பேசியதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆலிவ் மரத்தைப் பற்றி ரெனுவார் திட்டித் தீர்க்கிறார் அதில். சரியான முரட்டு மரம், என்னைப் படாத பாடு படுத்துகிறது, சாம்பல் நிறம் என்று நினைக்கிறார்கள், அதில் இல்லாத நிறம் இல்லை, அந்தப் பொடி இலைகள் என்னை வேர்க்க வைக்கின்றன, ஒரு காற்று அடித்தால் மரத்தின் நிறமே மாறிவிடுகிறது என்று போகிறது புலம்பல். அதில் ஒரு விஷயம் சொல்கிறார்: நிறம் இலையில் இல்லை, இலைக்கு இலை நடுவில் இருக்கிற வெளியில் இருக்கிறது. அப்போது அவருக்கு 77 வயது. வாழ்நாள் முழுக்க மரம் வரைந்தவர் இன்னும் ஒரு மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், கை முடியாதவன் சாக்குச் சொல்கிற பேச்சா இது?

இதை அப்படியே உங்கள் புளியமரத்துக்குப் போடுங்கள். காலை வெயிலில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்தால் இலைகளின் நடுவில் தெரிவது என்ன? மேலே வானம், அதுவும் நம் ஊர் வானம், நீலம் என்று சொல்ல முடியாத ஒரு வெளுப்பு. நடுவில் பாறை, வெயில் பட்ட பக்கம் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, நிழல் பக்கம் ஊதா. கீழே தார் ரோட்டின் சாம்பல், செம்மண். இத்தனை நிறமும் இலைக்கு நடுவே புகுந்து வருகிறது, நீங்கள் பச்சை டியூபைத் திறந்தால் உருண்டைதான் வரும். முதலில் மரமே இல்லாத மாதிரி மலையையும் வானத்தையும் மெல்லிசாகத் தீட்டிவிடுங்கள், மரம் நிற்கப் போகிற இடம் உட்பட. அது ஈரமாக இருக்கும்போதே மரத்தின் நிழல் கொத்துகளை மட்டும் வையுங்கள், மூடாதீர்கள், ஓட்டை விடுங்கள். ஓட்டை வழியாகப் பாறை தெரிய வேண்டும். பிறகு சில ஓட்டைகளில் வானத்தைக் கொஞ்சம் அழுத்தமாகத் திரும்ப வையுங்கள். தனித்தனி இலை மரத்தின் விளிம்பில் மட்டும் போதும், அதுவும் விரல் விட்டு எண்ணுகிற அளவு. கண்ணைப் பாதி மூடிப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

அவருடைய பெயின்ட் விஷயமும் இதற்கு உதவும். அவர் ஓவியராவதற்கு முன் 13 வயதிலேயே பாரிஸில் பீங்கான் பாத்திரத்தில் பூ வரைகிற வேலைக்குப் போனவர். வெள்ளைப் பீங்கானில் மெல்லிசாக நிறம் வைத்தால் அடியிலிருந்து வெளிச்சம் வரும் அல்லவா, அதைக் கடைசிவரை விடவில்லை. கான்வாஸில் வழவழவென்று வெள்ளைப் பூச்சு கொடுத்து, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து நிறத்தை நீர்க்கப் பண்ணி, ஒன்றன்மேல் ஒன்றாக உரசி உரசி ஏற்றுவார். நீங்கள் கரைசல் என்று சொல்வது அதுதான். கெட்டியாக அப்பியிருந்தால் அந்த ஈரப்பதம் வந்திருக்காது.

---

வாலாஜா_கோலம்

மாஸ்டர் சார், தெரபிஸ்ட் மேடம் ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு இந்த நோய் இருக்கிறது. மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதால் விரல் இன்னும் அவ்வளவு சாயவில்லை. ஓவியம் எல்லாம் இல்லை, துணியில் பெயின்டிங் செய்து விற்கிறேன், தெருவில் மார்கழிக் கோலத்துக்கு நான்தான் ஆள்.

பென்சில் அண்ணன் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். கை வலிக்கிறவர்களின் கோடு கோணலாகப் போகும், நடுங்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கை மூடவே மூடாது, அப்போது கோலமாவு கிள்ளுவது நடக்காத காரியம். அது விட்டதும் கோடு நேராகத்தான் வரும். என்ன, நீளமாக ஒரே இழுப்பில் இழுப்பது முன்னைவிடச் சுலபம், புள்ளிக்குள் புகுந்து பொடி வேலை செய்வதுதான் உயிரை எடுக்கும். அதனால் நானும் பெரிய வளைவு வருகிற கோலமாகப் பார்த்துப் போடுகிறேன். பார்க்கிறவர்கள் இப்போதுதான் உன் கோலம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்! அதை நோய் செய்ததா நான் செய்தேனா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? நான்தான் செய்தேன்.

மேடம், அந்த நடையை விட்ட கதையில் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தெம்பு என்று உடம்பு சொல்லிவிடும், அதைச் சமையலுக்குக் கொடுப்பதா தையலுக்குக் கொடுப்பதா என்று நாங்கள் தினமும் கணக்குப் போடுகிறோம். அவருக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இருந்தது, சமையலுக்கு ஆள் இருந்தது, பிரஷ்ஷை எடுத்துக் கொடுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வசதியைப் பற்றி ஃபார்வர்டில் ஒருத்தரும் எழுதுவதில்லை.

---

ஆம்பூர்_அலசல்

அக்கா சொன்ன கடைசி வரி தங்கம். அவர் வசதியானவர்தான் அந்த வயதில், படம் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1913லிருந்து சிற்பம் செய்யக்கூட ரிஷார் கீனோ என்ற இளைஞரை வைத்துக்கொண்டார், இவர் சொல்லச் சொல்ல அவர் களிமண்ணில் செய்வார். ஆனால் நிலக்காட்சிக்கு அப்படி ஆள் வைக்கவில்லை, அதை மட்டும் தானே செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இது உங்கள் கட்சிக்குச் சாதகமான வாதம், இலவசமாகத் தருகிறேன் மாஸ்டர்.

பெண்கள் படம் பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை.

---

சத்துவாச்சாரி_பிரஷ்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. போனில் அந்த இதமான வெளிச்சத்தை அணைத்துப் பார்த்தேன், சிவப்பு நிஜமாகவே இறங்கிவிட்டது, நிழலில் இத்தனை ஊதா இருப்பது இப்போதுதான் தெரிகிறது. குடைகள் படத்தைப் பென்சில் நண்பருக்கு அனுப்பினேன். “சரி, இடது பக்கம் நல்லா இருக்கு” என்று மட்டும் பதில் வந்தது. அவரிடமிருந்து இதுவே பெரிய விஷயம்.

மாஸ்டர் சார், ஒரு சிக்கல். நான் உபயோகிப்பது கேம்லின் ஆக்ரிலிக். ஈரமாக இருக்கும்போதே மரத்தை வை என்கிறீர்கள், நம் ஊர் வெயிலில் தட்டில் பிதுக்கி வைத்து பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்து தோலாகிவிடுகிறது. ஆயில் பெயின்டுக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

---

குடியாத்தம்_டிராயிங்_மாஸ்டர்

மாற வேண்டியதில்லை. ஆயில் வாங்கினால் வீட்டில் டர்பன்டைன் வாசனைக்குச் சண்டை வரும். தட்டுக்கு அடியில் நனைத்த துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு நிறத்தை வையுங்கள், தண்ணீர் ஸ்பிரே ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். காய்வதைத் தாமதப்படுத்த ரிடார்டர் என்று ஒரு திரவம் கடையில் கிடைக்கும், கொஞ்சமாகக் கலக்கலாம், அதிகம் போனால் பிசுபிசுப்பு நிற்காது. அதுவும் சித்திரை வைகாசியில் வேலைக்காகாது. அப்போது ஈரத்தோடு போராடாமல் மலையைக் காயவிட்டு, மரத்தை அதன்மேல் உலர்ந்த பிரஷ்ஷால் உரசுங்கள், ஓட்டை தானாக விழும். கறுப்பை வாங்காதே, நிழலுக்கு நீலமும் காவியும் கலந்து பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ரெனுவாருக்குக் கறுப்பு ரொம்பப் பிடிக்கும் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை.

பிரஷ்ஷின் கடைசி நுனியைப் பிடித்து வரையுங்கள், பேனா மாதிரி பிடித்தால் இலை வரையத்தான் கை போகும்.

---

வாலாஜா_கோலம்

மேடம், பிரஷ் என்றதும் கேட்கத் தோன்றியது. மெல்லிய காம்பைப் பிடித்தால் கட்டைவிரல் அடியில் குத்துகிறது. துணி சுற்றினால் வழுக்குகிறது. வேறு வழி இருக்கிறதா?

---

ஓய்வுபெற்ற_தெரபிஸ்ட்

இருக்கிறதும்மா. ஏசி பைப்புக்கு மேலே மாட்டுகிற கறுப்பு ஸ்பாஞ்சு குழாய் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதில் சின்ன சைஸாகப் பார்த்து ஒரு சாண் வாங்கி, கை பிடிக்கிற இடத்துக்கு மட்டும் வெட்டிக் காம்பில் மாட்டுங்கள். காம்பு தடித்தால் விரல் இறுக்கி மூட வேண்டியதில்லை, வலி குறையும். லூசாக இருந்தால் காம்பில் முதலில் செல்லோடேப் நாலு சுற்று. கரண்டி, காய் நறுக்குகிற கத்தி, பல் தேய்க்கிற பிரஷ் எல்லாவற்றுக்கும் இதையே செய்யலாம், நனைந்தால் கழற்றிக் காயவைத்து மாட்டுங்கள். சின்னப் பெயின்ட் பிரஷ்ஷுக்கு அது கொஞ்சம் அதிகத் தடிமனாகத் தெரியலாம், அப்படியானால் பிள்ளைகள் பென்சிலில் மாட்டுகிற ரப்பர் பிடி போதும். காலை இறுக்கத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மெதுவாக மூடித் திறந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள், கட்டைவிரல் அடியில் வீக்கம் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.